அழாத பிள்ளையின் துயரம்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. அழுகின்ற பிள்ளையிடம் தாய் ஓடி வருகிறாள். அழாத பிள்ளையின் குறையை அறிபவர் யார்? அதனை அறிவதைத் தமது கடமையாகக் கொண்டவர்கள், குழந்தைகளுக்கும் விடலைப் பருவத்தினருக்கும் மனநல சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள். நூறாண்டைச் சற்றே கடந்த அத்தொழிலின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. தவறு செய்த சிறுவனைத் தண்டிப்பதினும் திருத்துவதே மேல் என்பது அதன் கொள்கை. ஆனால், அவன் ஏன் திருடினான் என்பதை அறியாமல் திருத்துவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடி, 1909-இல் வில்லியம் ஹீலி என்னும் மருத்துவரின் தலைமையில் அந்நகரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. சிறுவனின் உடல்நிலை, அறிவுத்திறன், இல்லச் சூழல் ஆகியவற்றை ஹீலி ஆராய்ந்தார். அவன் வரலாற்றை அவன் வாய்மொழியாகவே கேட்டார். பின்னர் 1920-களில் அந்நாட்டில் பெருகிய குழந்தை வழிகாட்டி நிலையங்களில் மூவர் கூடிப் பணியாற்றினர். மனநோய் மருத்துவர் குழந்தையிடம் பேசுவார். மனோதத்துவ நிபுணர் அதன் அறிவுத்திறனை அளப்பார். சமூகப் பணியாளர் வீட்டாரைக் கண்டு நிலைமையை அறிந்து வருவார்.

இம்முறை விரைவிலேயே நம் நாட்டுக்கும் வந்தது. 1936-இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற ஸர் தொராப்ஜி டாட்டா சமூகப் பணிக் கல்லூரி, மறு ஆண்டே ஒரு குழந்தை வழிகாட்டி நிலையத்தை நிறுவியது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று இன்று நாம் அறிவது அக்கல்லூரியையே. இந்தியாவில் இத்துறையின் தொடக்கமாகக் கூறப்படுவதும் அந்நிலையமே.

இவ்வாறு குழந்தையை வீட்டோடு சேர்த்துக் காணும் முறை ஒருபுறம் வளர, பொது மருத்துவமனைகளோ அதனை வீட்டிலிருந்து பிரித்தே வைத்திருந்தன. இலண்டனில் 1940-களின் இறுதியிலும், சில பெரிய மருத்துவமனைகளில் பெற்றோர் வாரம் ஒருமுறை, அதுவும் இரண்டொரு மணி நேரமே குழந்தையைப் பார்க்கலாம். தொற்றுநோய் பற்றிய அச்சம் ஒரு காரணம். தாய் வந்து சென்றால் குழந்தை அழுகிறது என்பது மற்றொன்று. தாய் வாராவிடில் சில நாட்களில் அழுகை அடங்கும். குழந்தை பழகிவிட்டது என்று அனைவரும் நிம்மதி கொள்வர்.

அந்த நிம்மதியை ஐயுற்றவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆன்னா பிராய்டு அம்மையார் இலண்டனில் நடத்திய குழந்தைகள் இல்லத்தில், கொதிகலனைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தவர் அவர். எப்பணி செய்வோரும் குழந்தைகளிடம் கண்டதை எழுதி வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. போருக்குப்பின் ஜான் பௌல்பி என்னும் மருத்துவரிடம் பணியாற்றுகையில் அப்பயிற்சி பயன்பட்டது. மருத்துவமனைக் குழந்தைகளிடம் அவர் மூன்று நிலைகளைக் கண்டார்: முதலில் அழுது எதிர்த்தல், பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்குதல், இறுதியில் தாயே வந்தாலும் முகம் கொடாது ஒதுங்குதல். பழகிவிட்டது என்று பிறர் கருதியது இந்த மூன்றாம் நிலையையே.

சொல்லால் மருத்துவரை நம்பச் செய்ய இயலவில்லை. ஆகவே, அறுவை சிகிச்சைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் தங்கிய, இரண்டரை வயதும் நிரம்பாத ஒரு சிறுமியைத் திரைப்படமாக எடுத்தார். தமக்கேற்ற காட்சிகளையே தேர்ந்தார் என்ற பழி வாராதிருக்க, நாள்தோறும் குறித்த நேரங்களில் எடுத்தார். அச்சிறுமி பெரும்பாலும் அழவில்லை. தன்னை அடக்கிக்கொண்டு, அம்மா எங்கே என்று அவ்வப்போது மெல்லக் கேட்டாள். 1952-இல் மருத்துவர் சபையில் அப்படம் காட்டப்பெற்றபோது பலர் சினந்தனர். ஆயினும், 1959-இல் ஸர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி செல்கிறது. மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும் சிறாரைப் பெரியவர்களிடமிருந்து தனியே வைத்தல் வேண்டும். அவருடைய சார்பாளரோ, அச்சார்பாளர் அமர்த்தும் துணைவரோ உடன் தங்குதல் வேண்டும் என்கிறது அது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் இவ்வரலாற்றைக் கருதுதல் நன்று. மாற்றல் உத்தரவு வந்ததும் பாத்திரம் பண்டங்களைக் கட்டுகிறோம். பாட்டியை, தோழரை, தெருவை விட்டுவந்த பிள்ளை புதிய பள்ளியில் வாய் திறவாதிருந்தால், சமர்த்து என்று மகிழ்கிறோம். மருத்துவரிடம் செல்ல நேர்ந்தாலோ, இந்தி நன்கு அறிந்த அப்பிள்ளையையே தாய்க்கு மொழிபெயர்ப்பாளன் ஆக்குகிறோம். மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நாம் சொல்கிறோம்: அச்சுமை குழந்தைக்கு உரியதன்று. தன் துயரத்தைத் தானே பெயர்த்துச் சொல்லும் பிள்ளை, தாய் மனம் நோகுமென்று பாதியை விழுங்கிவிடும். மொழி அறிந்த வேறொரு பெரியவரை அழைத்துச் செல்லுதலே முறை.

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையில் தமிழும் உண்டு, எண் 14416. அழைக்குமுன் பிள்ளையின் அருகில் அமர்ந்து, விட்டுவந்த ஊரில் அது எதனை நினைக்கிறது என்று நம் மொழியிலேயே கேட்போம். விடை உடனே வாராது, காத்திருப்போம்.