செயற்கைக்கோள் நோக்கலும் தட்டைப் புவி வாதமும்

பூமியைச் சுற்றிவரும் விண்கலங்களை வெறுங்கண்ணாலோ பைனாகுலராலோ பார்த்து, அவை கடக்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்துவைப்பது செயற்கைக்கோள் நோக்கல். அந்தி மயங்கிய ஓரிரு மணி நேரமும் விடியலுக்கு முந்தைய பொழுதும் இதற்கு ஏற்றவை. தரை இருண்டபின்னும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேகமே இல்லாத வானில் நகரும் ஒளிப்புள்ளி பாதி வழியில் மங்கி மறைந்தால், அது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். பூமி தட்டை என்போருக்குக் காட்டத்தக்க எளிய சான்றுகளில் இது ஒன்று.

அந்த வாதத்தின் நவீன வடிவம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. சாமுவேல் ரோபாதம் பெட்ஃபோர்ட் பகுதி நீர்வழி ஒன்றில் செய்த சோதனையே அதன் அடிப்படை. 1870இல் அதே இடத்தில் 500 பவுண்டு பந்தயத்தில் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் நீர்ப்பரப்பின் வளைவைக் காட்டினார். எதிர்த்தரப்பு ஏற்கவில்லை, வழக்குகள் நீண்டன. 1956இல் சாமுவேல் ஷென்டன் டோவரில் தட்டைப் புவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்.

அதே 1956இல்தான் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில் ஃபிரெட் விப்பிள் 'மூன்வாட்ச்' திட்டத்தைத் தொடங்கினார். ஏவப்படப்போகும் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கப் பொதுமக்களை நம்பலாம் என்பது அவர் துணிவு. பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் சேர்ந்தனர். வடக்கு-தெற்காக ஒரு கோடு. அதன் மேலே உள்ள வானத்தை ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுச் சிறு தொலைநோக்கிகளின் வரிசை. கண்ணாடி ஒன்று வானத்தைக் கீழே திருப்பிக் காட்டியதால், அண்ணாந்து கழுத்து வலிக்காமல் குனிந்தபடியே பார்க்க முடிந்தது. புள்ளி கோட்டைக் கடக்கும் கணத்தில் பார்ப்பவர் குரல் கொடுப்பார். அதையும் வானொலி நேரக்குறியையும் டேப் ரெக்கார்டர் ஒருசேரப் பதிந்துகொள்ளும்.

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் 1 ஏவப்பட்டபோது இந்தக் குழுக்கள் ஓரளவு தயாராக இருந்தன. அன்று உலகெங்கும் மக்கள் பார்த்தது எதை என்பது இன்றும் பேசப்படும் கேள்வி. 58 செ.மீ. விட்டமுள்ள கோளம் மிக மங்கலானது. பெரும்பாலோர் கண்டது உடன் சுற்றிய ராக்கெட்டின் பெரிய பகுதியாகவே இருக்கலாம்.

தன்னார்வலர்கள் தரும் தோராய இடத்தைக் கொண்டு பேக்கர்-நன் கேமராக்கள் துல்லியப் படம் எடுத்தன. உலகில் அமைந்த 12 நிலையங்களுள் ஒன்று நைனிடாலில் இருந்தது.

பூமியின் நடுக்கோட்டுப் புடைப்பு, செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைத் தளத்தை மெல்லத் திருப்புகிறது. திரும்பும் வேகத்தை அளந்தால் புடைப்பின் அளவு தெரியும். பிரிட்டனில் டெஸ்மண்ட் கிங்-ஹீலும் சக ஆய்வாளர்களும் ஸ்புட்னிக் 2-ஐக் கொண்டு இதைக் கணக்கிட்டனர். அதுவரை சுமார் 1/297 எனக் கொள்ளப்பட்ட துருவத் தட்டைமை 1/298க்கு அருகில் திருத்தப்பட்டது. ரேடியோ, ராடார் அளவீடுகளும் கலந்த இக்கணக்கில் கண்ணால் பார்த்தவர்களின் பங்கைத் தனியே பிரிப்பது கடினம். துருவங்களில் சற்றே தட்டையான இந்த உருண்டையில் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிடச் சுமார் 43 கி.மீ. அதிகம்.

ஷென்டன் அசையவில்லை. தீவைக் கப்பல் சுற்றிவருவதால் தீவு உருண்டையாகிவிடாது என்பது அவர் வாதம். தளம் திரும்பும் வேகத்தை அந்த வாதத்தால் கணிக்க முடியவில்லை. அதன் தோல்வி அங்கேதான். 1971இல் அவர் இறந்தபின் அமெரிக்கர் சார்லஸ் ஜான்சன் இயக்கத்தைத் தொடர்ந்தார். மூன்வாட்ச் 1975இல் மூடப்பட்டது.

இணையக் காலத்தில் தட்டைப் புவி வாதம் மீண்டும் பரவியிருக்கிறது. 1998இல் கட்டத் தொடங்கிய பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் ஏறக்குறைய 93 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அது தெரியும் நேரங்களை நாசா முன்கூட்டியே வெளியிடுகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள வாசகர்கள் தம் ஊர் வானிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.