பூச்சிமருந்தும் குருதியமுக்கமும்

மாத்தளை மாவட்டத்தின் வடபால் அமைந்த தம்புள்ளைப் பகுதி வெங்காயத்துக்கும் காய்கறிக்கும் பேர்பெற்றது. அங்கும் இலங்கையின் பிற கமப்பகுதிகளிலும் பயிரைக் காக்க உழவர் தெளித்த மருந்துகளுட் பல சேதன பொசுபரசு இனத்தைச் சேர்ந்தவை. பயிருக்குக் காவலாக வந்த அம்மருந்துகளே பல வீடுகளிற் கூற்றுவனாயின.

இதன் வரலாறு ஒரு தவளையின் இதயத்தில் தொடங்குகிறது. இதயத் துடிப்பை மந்தமாக்கும் நரம்பு, ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே அதனைச் செய்கின்றது என்று 1921 இல் ஒட்டோ லோவி காட்டினார். அசற்றைல்கோலின் என்னும் அப்பொருள் தன் கடமை முடிந்ததும் ஒரு நொதியத்தாற் சிதைக்கப்படும். இவ்வாய்வுத் துறைக்காக 1936 இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டு டிசம்பரில், ஜேர்மனியிற் பூச்சிமருந்து தேடிய கெர்ஹாட் சிரேடர் 'தபூன்' என்னும் நஞ்சை ஆக்கினார். அந்த நொதியத்தையே முடக்கும் நஞ்சு அது. போர்க்கள நஞ்சும் வயல் மருந்தாகிய பரதியோனும் அவர் ஆய்வின் வழிவந்த உடன்பிறப்புகளே.

நொதியம் முடங்கினால் அசற்றைல்கோலின் உடலிற் பெருகும். இதயம் தளர்ந்து, குருதியமுக்கம் வீழும் என்றே எண்ணத் தோன்றும். ஆயின் 1955 இல் எலிகளில் நிகழ்ந்த சோதனைகளில் அமுக்கம் உயர்ந்தது. நஞ்சு மூளையைத் தூண்ட, பரிவு நரம்புகள் குருதி நாளங்களை இறுக்கியமையே அதன் காரணம். நஞ்சு மிகுந்து இதயமும் சுவாசமும் ஓயும்போதோ அமுக்கம் சரிந்துவிடும். ஆகவே, அமுக்கம் உயர்ந்திருப்பதை மாத்திரம் கண்டு நோயாளி தப்பினார் எனக் கொள்ளலாகாது. மாற்று மருந்தாகிய அத்திரோப்பீனை அளிக்கும் மருத்துவர் குருதியமுக்கத்தோடு இதயத் துடிப்பையும் நெஞ்சின் சளியையும் சேர்த்தே நோக்குவது இதனாலேயே.

மாத்தளைக்கு அயலிலுள்ள பேராதனையின் மருத்துவர் சேனாநாயக்கவும் கறல்லியத்தவும், முதல் நெருக்கடி தணிந்த பின்னரும், ஓரிரு நாளிற் சுவாசத் தசைகள் செயலிழக்கக்கூடும் என 1987 இல் உலகுக்கு அறிவித்தனர்.

மருத்துவத்தால் மாத்திரம் தீராத துயரைச் சட்டம் தணித்தது. 1980 இற் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1984 இற் பரதியோனும், 1995 இல் மொனோகுரோட்டபொசும் மெதமிடோபொசும் விலக்கப்பட்டன. 1995 இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005 அளவிற் பாதியாகக் குறைந்தது. விளைச்சலோ குன்றவில்லை. வயலும் வாழ்ந்தது, உழவனும் வாழ்ந்தான்.