தேயிலையை விஞ்சிய வெளிநாட்டுப் பணம்: ‘ஆஃப்ரோபாலிட்டன்’ தலைமுறையும் போனக்காடும்

போனக்காடு (திருவனந்தபுரம்): கேரளத்தில் அகத்தியர்கூடம் மலைக்குச் செல்வோர் நடைப்பயணத்தைத் தொடங்கும் இடமாகவே போனக்காடு இன்று பலருக்கும் தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் உருவான தேயிலைத் தோட்டம் ஒன்று அங்கு உள்ளது. அதன் லயங்களில் வாழ்வோர், தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். தொழிற்சாலை ஓய்ந்து, ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றுபோனதால், இளையோர் பலர் வேலை தேடி மலையிறங்கினர். முதியோர் லயங்களிலேயே தங்கிவிட்டனர்.

இந்தியாவிலிருந்து சென்ற தேயிலை விதை, 1903-ஆம் ஆண்டில் கென்யாவின் லிமுருவில் ஊன்றப்பட்டது. 1920-களில் கெரிச்சோ மலைப்பகுதியில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. மூணாறில் தேயிலை வளர்த்த ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனமும் அங்கு நிலம் திருத்தியவற்றுள் ஒன்று. கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் கென்யா இன்று உலகின் முன்னணி நாடு. ஆயினும், அந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தருவதில் முதலிடம் தேயிலைக்கு இல்லை. வெளிநாடுகளில் வாழும் கென்யர்கள் 2024-ஆம் ஆண்டில் தாயகத்துக்கு அனுப்பிய தொகை சுமார் 490 கோடி டாலர். தேயிலை ஏற்றுமதி வருவாய் அதில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை. நாடு கடந்து வாழும் ஆப்பிரிக்க இளைஞர்களின் அடையாளம் குறித்து இருபது ஆண்டுகளாக நடந்துவரும் விவாதத்தை, இந்தக் கணக்கை அருகில் வைத்துக்கொண்டு படிப்பதே பொருத்தமாகும்.

பெயர் பிறந்த விதம்

அவ்விளைஞர்களைக் குறிக்கும் ‘ஆஃப்ரோபாலிட்டன்’ என்ற சொல்லைப் பரவலாக்கியவர் எழுத்தாளர் தாயே செலாசி. லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இவருக்குக் கானாவிலும் நைஜீரியாவிலும் வேர்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டில் இவர் எழுதிய கட்டுரை, ஆப்பிரிக்கரையும் உலகக் குடிமக்களையும் ஒரே சொல்லில் இணைத்தது. பெற்றோர் காலத்தில் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், பல நகரங்களில் வளர்ந்து, பல மொழிகள் பேசி, எந்த ஒரு நாட்டிலும் முழுமையாக அடங்காமல் வாழ்வதை அது விவரித்தது. பஞ்சம், போர் என்ற இரண்டு படங்களில் மட்டுமே ஆப்பிரிக்காவைக் காட்டிவந்த ஊடகங்களுக்கு அது ஒரு மறுமொழியாகவும் அமைந்தது. கேமரூனில் பிறந்த சிந்தனையாளர் அஷீல் எம்பெம்பே இக்கருத்தை வரலாற்றுக்குள் கொண்டுசென்றார். இடம்பெயர்தலும் கலத்தலும் ஆப்பிரிக்காவுக்குப் புதியவை அல்ல, அக்கண்டத்தின் பழைய இயல்பே அவை என்பது அவரது வாதம்.

செலாசி 2013-இல் வெளியிட்ட ‘கானா மஸ்ட் கோ’ நாவலின் பெயருக்குப் பின்னால் ஒரு கசப்பான நிகழ்வு இருக்கிறது. 1983 ஜனவரியில், ஆவணமற்ற அயல்நாட்டவர் வெளியேற வேண்டும் என நைஜீரிய அரசு உத்தரவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கானா நாட்டவர் சில நாள்களில் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. அவர்கள் சுமந்து சென்ற மலிவான கட்டம்போட்ட பைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் அதுவே பெயர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் கதையை அறிந்தோருக்கு, அவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்தின் புனலூர் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டதை அறிந்தோருக்கு, அந்தப் பையை விளக்கத் தேவையில்லை.

யாருக்கு உரிய அடையாளம்?

எதிர்ப்பும் எழுந்தது. கென்ய எழுத்தாளர் பின்யவங்கா வைனைனா, தாம் ஆப்பிரிக்க ஒற்றுமையை நாடுபவரே அன்றி ஆஃப்ரோபாலிட்டன் அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தார். நைஜீரிய எழுத்தாளர் சிமமண்டா அடிச்சியும் இப்பெயரை ஏற்கவில்லை. மேலைநாட்டுக் கடவுச்சீட்டும் நல்ல கல்வியும் உடையோரின் வாழ்க்கையை மட்டுமே இச்சொல் கொண்டாடுகிறது என்பது விமர்சகர்களின் முதன்மையான குற்றச்சாட்டு. அது நியாயமானதே. விமான நிலையத்தில் விருப்பத்தோடு நிற்பவரும் வேறு வழியின்றி நிற்பவரும் ஒரே வரிசையில் நின்றாலும் ஒரே பயணத்தை மேற்கொள்வதில்லை.

எனினும், அந்தச் சிறிய வட்டம் ஆப்பிரிக்கப் பொருளாதாரத்தில் தடம் பதித்திருப்பதை மறுக்க இயலாது. லாகோஸில் 2015-ஆம் ஆண்டில் இரு இளைஞர்கள் தொடங்கிய பேஸ்டாக் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனத்தை, அமெரிக்காவின் ஸ்ட்ரைப் 2020-இல் 20 கோடி டாலருக்கும் அதிகமான விலைக்கு வாங்கியது. பிரிட்டனில் படித்துத் தாயகம் திரும்பிய நைஜீரியப் பாடகர் பர்னா பாய் 2021-இல் கிராமி விருது பெற்றார்.

‘ஜாப்பா’ தலைமுறை

எண்ணிக்கையில் பெரியது வேறொரு கூட்டம். தப்பி ஓடுதல் என்னும் பொருள்படும் ‘ஜாப்பா’ என்ற யோருபா மொழிச் சொல், வெளிநாடு செல்லத் துடிக்கும் நைஜீரிய இளைஞர்களின் அன்றாடப் பேச்சில் நிலைத்துவிட்டது. செவிலியர், முதியோர் பராமரிப்பாளர், மாணவர் எனப் பிரிட்டனுக்குச் சென்றோர் பலர். கென்யாவிலிருந்து வீட்டுவேலைக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் பெண்களும் இக்கணக்கில் அடங்குவர். ஆஃப்ரோபாலிட்டன் பற்றிய கட்டுரைகளில் இவர்கள் அரிதாகவே தலைகாட்டுகின்றனர். தாயகத்துக்கு வந்துசேரும் டாலரிலோ இவர்களின் உழைப்பு நிறையக் கலந்திருக்கிறது.

கேரளத்துக்கும் இப்பயணம் நீள்கிறது. மலப்புரம் உள்ளிட்ட வட மாவட்டங்களின் எழுவர் கால்பந்துப் போட்டிகளில் கானா, ஐவரி கோஸ்ட், நைஜீரியா, லைபீரியா நாடுகளின் இளைஞர்கள் பருவ ஒப்பந்தத்தில் ஆடுகின்றனர். எந்த நாட்டவராயினும் உள்ளூரில் அவர்களுக்கு வழங்கும் பெயர் ‘சுடானி’. 2018-இல் வெளியான ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ திரைப்படத்தின் தலைப்பே அந்த அறியாமையைச் சுட்டியது. படத்தை ரசித்த மண்ணில், ஆறு ஆண்டுகள் கழித்து, மைதானத்தில் தம்மைத் தாக்கி இன இழிவு செய்ததாக ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவர் காவல்துறையிடம் புகார் அளிக்க நேர்ந்தது.

மலையில் எஞ்சியோர்

வெளியேறுவோர் ஒருபுறமிருக்க, தங்கியோரின் நிலை வேறு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருப்பு வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. ஆகவே வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை நின்றால் கூரையைச் செப்பனிடவும் ஆளில்லை. போனக்காட்டின் லயங்கள் சிதைந்த காரணத்தை இதில் காணலாம். நிலுவை கைக்கு வராமல் லயத்தை விட்டுச் சென்றால் உரிமை போய்விடுமோ என்ற அச்சம், முதிய தோட்டத் தொழிலாளர்களை இடம்பெயர விடாமல் தடுக்கிறது. இளையோரின் பயணமோ பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்கோ தமிழகத்துக்கோதான். அதற்கு உலகக் குடிமை என்று எவரும் பெயர் சூட்டுவதில்லை.

கெரிச்சோவில் நெருக்கடி வேறு வடிவில் வந்தது. இலை பறிக்கும் இயந்திரங்கள் தொழிலாளர்களின் இடத்தைப் பிடித்ததால், 2023 மே மாதத்தில் போராட்டக்காரர்கள் அவற்றைத் தீயிட்டனர். அங்கு நீண்டகாலம் இயங்கிய பன்னாட்டு நிறுவனங்களின் தோட்டங்கள், பின்னர் இலங்கையைச் சேர்ந்த பிரவுன்ஸ் குழுமத்துக்குக் கைமாறின. வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நைரோபியும் வளைகுடாவும் அடுத்த வாய்ப்புகள்.

அவ்வாய்ப்புகள் சுருங்கியும் வருகின்றன. பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தினரை உடன் அழைத்துவர 2024 மார்ச்சில் தடை விதித்த பிரிட்டன், 2025 ஜூலையில் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்தியது. கண்டத்துக்குள்ளும் கதவுகள் முழுதாகத் திறக்கவில்லை. ஆப்பிரிக்கத் தடையற்ற வணிகப் பகுதியின்கீழ் 2021 ஜனவரி 1 முதல் சரக்குகளுக்கு வழி பிறந்தது. மனிதர்களின் தடையற்ற போக்குவரத்துக்காக 2018-இல் உருவான நெறிமுறையோ, 15 நாடுகளின் ஏற்பு இன்றி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.