முப்பது விழுக்காட்டில் நின்ற கணிப்பொறி

திருவண்ணாமலையை ஒட்டியுள்ள வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. 1989 செப்டம்பர் 30ஆம் நாள் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, நிலக் கணக்கும் சான்றிதழ்களும் பெரும்பாலும் பேரேடுகளிலும் காகிதக் கட்டுகளிலுமே இருந்தன. இன்று வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்குக் கணிப்பொறி வழியாகவே விண்ணப்பிக்கிறோம்.

கல்லூரியில் சேர நாளை கடைசி நாள். சான்றிதழுக்காக நீங்கள் இங்குள்ள கணினி மையம் ஒன்றில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'அப்டேட் நடைபெறுகிறது, 30 விழுக்காடு முடிந்தது, கணிப்பொறியை அணைக்காதீர்' என்று திரை சொல்கிறது. அரை மணி ஆகிறது. ஒரு மணி ஆகிறது. முப்பது முப்பதாகவே நிற்கிறது. பொத்தானை அழுத்தி அணைத்துவிடலாமா? பொறுங்கள். இந்த முப்பதுக்குப் பின்னால் எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

ஒட்டுப் போட்ட நாடா

1944இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க்-1' என்னும் பெரிய கணக்கிடும் பொறி இயங்கத் தொடங்கியது. அதற்கான கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டார்கள். தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் என்ன செய்வது? கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவதைப் போல, துளையின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார்கள். மென்பொருளில் செய்யும் திருத்தத்தை இன்றும் 'பேட்ச்', அதாவது ஒட்டு என்றே சொல்கிறார்கள்.

1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 கணிப்பொறி நிறுவப்பட்டது. அக்காலப் பெரும் கணிப்பொறிகளுக்குத் திருத்தங்கள் காந்த நாடாக்களில் வந்தன. அவற்றைப் பொருத்துவது அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. கணிப்பொறியைப் பயன்படுத்திய மாணவருக்கு அந்தக் கவலை இல்லை.

1998இல் விண்டோஸ் 98 வந்தபோது, திருத்தங்களை இணையத்தின் வழியாகப் பெறும் வசதியும் வந்தது. 2003 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் ஒட்டை வெளியிட்டது. பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதத்திற்குள், ஆகஸ்டில், அதே ஓட்டை வழியாக 'பிளாஸ்டர்' என்னும் கெடுமென்பொருள் உலகெங்கும் பரவியது. அதன் பிறகு, திருத்தங்கள் தாமாகவே வந்து பொருந்த வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. வல்லுநரின் வேலை இவ்வாறு வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஏன் நிற்கிறது?

இயக்க அமைப்பு என்பது மற்ற நிரல்கள் எல்லாம் நிற்கும் தூண். குடியிருக்கும் வீட்டில் தூணை மாற்ற வேண்டுமானால் முட்டுக் கொடுக்க வேண்டும் அல்லவா? கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது பயனில் உள்ள கோப்புகளை எடுத்துவிட்டு வேறு கோப்புகளை வைக்க முடியாது. ஆகவே புதிய கோப்புகளை முன்னதாகவே இறக்கி ஓர் ஓரமாக அடுக்கிக்கொண்டு, அணையும்போதும் மீண்டும் எழும்போதும் அவற்றை மாற்றிவைக்கிறது.

திரையில் தெரியும் விழுக்காடு நேரத்தின் அளவன்று. முடிந்த படிகளின் அளவு. ஒரு படி நொடியில் முடியும். ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சரிபார்க்கும் மற்றொரு படி நெடுநேரம் எடுக்கும். வட்டு பழையதாக இருந்தாலோ, அதில் இடம் போதாமல் இருந்தாலோ இன்னும் தாமதமாகும். எனவே எண் நின்றுவிட்டது என்பதால் வேலையும் நின்றுவிட்டது என்று பொருளல்ல.

சில சமயம் வேலையே நின்றுவிடுவதும் உண்டு. 2008 பிப்ரவரியில் விண்டோஸ் விஸ்டாவுக்கு ஒரு பெரிய திருத்தத் தொகுப்பு வரவிருந்தது. அதற்கு முன்னோடியாக, திருத்தங்களைப் பொருத்தும் கருவியையே திருத்தும் ஓர் ஒட்டை அனுப்பினார்கள். சில கணிப்பொறிகள் 'மூன்றாம் கட்டம், 0 விழுக்காடு' என்று காட்டி, அணைந்து, எழுந்து, மறுபடியும் அதையே காட்டிச் சுழலத் தொடங்கின. சில நாட்களில் அந்த ஒட்டைத் தானாக அனுப்புவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. உளியையே தீட்டும் நேரத்தில் உளி உடைந்த கதை இது.

நம் மாநிலத்தில் வேறொரு காரணமும் இருந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு. பாதித் திருத்தத்தில் மின்சாரம் போனால், பழைய கோப்பு பாதியும் புதிய கோப்பு பாதியுமாகக் கணிப்பொறி எழ முடியாமல் கிடக்கும்.

பாலாலயம் காட்டும் வழி

அதே 2012 ஆகஸ்டில் செவ்வாய்க் கோளில் ஒரு திருத்தம் நடந்தது. அங்கு இறங்கிய 'கியூரியாசிட்டி' ஊர்தியின் மென்பொருளைப் பூமியிலிருந்தே நான்கு நாட்களில் மாற்றினார்கள். பொத்தானை அழுத்திச் சரிசெய்ய அங்கே ஆள் கிடையாது. அந்த ஊர்தியில் முதன்மைக் கணிப்பொறி ஒன்றும் துணைக் கணிப்பொறி ஒன்றுமாக இரண்டு உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. கோயிலில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வழிபாட்டைத் தற்காலிகமான ஓரிடத்திற்கு மாற்றிய பிறகே கருவறையில் கை வைக்கிறார்கள். திருப்பணி முடியும்வரை பூசை தடைபடுவதில்லை. 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 இதே முறையைக் கைபேசிகளுக்குக் கொண்டுவந்தது. இம்முறையைக் கையாளும் கைபேசிகளில் இயக்க அமைப்புக்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டு. ஒன்றில் கைபேசி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் திருத்தம் நடக்கும். புதியது எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடும்.

திரும்பும் வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. அன்று வந்தது இயக்க அமைப்பின் திருத்தமன்று; விண்டோஸின் உட்பகுதியில் இயங்கும் 'கிரவுட்ஸ்டிரைக்' பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோப்பு. 20 மதிப்புகளை எதிர்பார்த்த நிரலுக்கு 21 மதிப்புகள் போய்ச் சேர்ந்தன. நம் நேரப்படி காலை 9.39க்கு வெளியான அக்கோப்பை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றும், சுமார் 85 இலட்சம் கணிப்பொறிகள் விழுந்துவிட்டன. சென்னை உள்ளிட்ட விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். விழுந்த பொறிகளில் பலவற்றின் முன்னால் ஆள் சென்று உட்கார்ந்து, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. பேனாவும் காகிதமுமே அன்று பாலாலயமாயின!

நீங்கள் செய்ய வேண்டியது

இப்போது அந்த முப்பதுக்கு வருவோம். வட்டின் சிறு விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் வேலை நடக்கிறது, காத்திருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் எந்த அசைவும் இல்லையென்றால் மட்டும், மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைத்து மீண்டும் இயக்குங்கள். பெரும்பாலும் விண்டோஸ் தன் மாற்றங்களைத் தானே பின்வாங்கிக்கொண்டு எழும். பலமுறை முயன்றும் எழாவிட்டால் பழுதுநீக்கும் திரை தோன்றும். கடைசியாக வந்த திருத்தத்தை அங்கே நீக்கலாம். திருத்தம் வருமுன்பே செய்ய வேண்டியவையும் உண்டு: முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு நகல், வட்டில் போதிய காலியிடம், மின்வெட்டைத் தாங்க ஒரு யு.பி.எஸ்.

அதற்காகத் திருத்தமே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2003இல் ஒட்டுப் போடாதவர்களே பிளாஸ்டரிடம் அகப்பட்டார்கள். திருத்தம் தேவை, திரும்பும் வழியும் தேவை.

இது கணினி மையம் நடத்துவோருக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்தும். வேலை நேரத்தில் திருத்தத்தைத் தொடங்காமல் இரவுக்கு ஒதுக்குங்கள். பக்கத்தில் மற்றொரு பொறி ஆயத்தமாக இருக்கட்டும். ஏனெனில் 30 விழுக்காட்டில் நிற்பது கணிப்பொறி மட்டுமன்று. நாளைய கடைசி நாளை எண்ணிக்கொண்டு ஒரு மாணவரும் அதன் முன்னால் நிற்கிறார்.