பிக் நுண்கட்டுப்படுத்திகளில் நினைவக அமைப்பும் மறைமுக முகவரியிடலும்

பிக் குடும்பத்தின் 8 பிட் நுண்கட்டுப்படுத்திகளில் தரவு நினைவகம் நீண்ட காலம் சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்தே இருந்தது. ஒரு கட்டளைக்குள் முகவரியை எழுத மிகக் குறைந்த இடமே இருந்ததுதான் இதற்குக் காரணம். இக்குறையை ஈடுசெய்யப் பயன்பட்ட வழிகளுள் முதன்மையானது மறைமுக முகவரியிடல். அதாவது, முகவரியைக் கட்டளையில் எழுதாமல் ஒரு பதிவகத்தில் வைத்து, அதன் வழியே நினைவகத்தை அணுகுவது.

தோற்றம்

அமெரிக்காவின் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம், தனது சிபி1600 நுண்செயலியின் உள்ளீட்டு, வெளியீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்வதற்காக 1970களின் நடுப்பகுதியில் பிக்1650 சில்லை உருவாக்கியது. அதன் கட்டளை 12 பிட் நீளம் கொண்டது. செயலைக் குறிக்க 6 பிட்டும், விடை சேருமிடத்தைக் குறிக்க 1 பிட்டும் போக, முகவரிக்கு 5 பிட் மட்டுமே மிஞ்சியது. ஆகவே 32 பதிவகங்களையே சுட்ட முடிந்தது.

நேரடிக் கட்டளையில் முகவரி மாறாதது. அடுத்தடுத்த 20 பைட்டுகளை அழிக்க 20 கட்டளைகள் வேண்டும். இதைத் தவிர்க்க 4ஆம் பதிவகம் சுட்டியாக வைக்கப்பட்டது. இதன் பெயர் எஃப்.எஸ்.ஆர். 0ஆம் பதிவகம் உண்மையில் இல்லாத ஒன்று. அதைப் படித்தாலோ எழுதினாலோ, சுட்டி காட்டும் இடமே அணுகப்படும். சுட்டியின் மதிப்பை ஒவ்வொன்றாகக் கூட்டும் சிறு சுழற்சி ஒன்றே 20 பைட்டுகளையும் அழித்துவிடும். இதற்கெனத் தனிக் கட்டளை எதுவும் தேவைப்படவில்லை.

பேங்க் முறை

1980களின் இறுதியில் இப்பிரிவு மைக்ரோசிப் என்னும் தனி நிறுவனமாயிற்று. பின்னர் வந்த 14 பிட் கட்டளைகளில் முகவரிக்கு 7 பிட் கிடைத்தது. நினைவகம் 128 முகவரிகள் கொண்ட பேங்க்குகளாகப் பிரிக்கப்பட்டது. எந்த பேங்க் என்பதை நிலைப் பதிவகத்தின் இரண்டு பிட்டுகள் தீர்மானித்தன.

இங்கேதான் பிழைகளுக்கு வழி பிறந்தது. பிக்16எஃப்877 சில்லில் 6ஆம் முகவரி, பேங்க் 0இல் போர்ட் பி. பேங்க் 1இல் அந்தப் போர்ட்டின் திசையைத் தீர்மானிக்கும் பதிவகம். பேங்க்கை மாற்ற மறந்தால் எந்த எச்சரிக்கையும் இன்றி மதிப்பு தவறான இடத்தில் எழுதப்படும். சுட்டியும் 8 பிட் மட்டுமே என்பதால் 256 முகவரிகளுக்கு அப்பால் செல்ல, நிலைப் பதிவகத்தில் இன்னொரு பிட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. இச்சில்லில் 368 பைட் நினைவகம் இருந்தும், பேங்க்குதோறும் சிறப்புப் பதிவகங்கள் குறுக்கிட்டதால் 128 பைட் நீளமான ஓர் அணியைத் தொடர்ச்சியாக வைக்க இயலவில்லை.

சீர்திருத்தங்கள்

2000ஆம் ஆண்டையொட்டி வந்த பிக்18 வரிசை 16 பிட் கட்டளைகளுக்கு மாறியது. 12 பிட் நீளமுள்ள மூன்று சுட்டிகள் 4096 முகவரிகளையும் பேங்க் கவலையின்றி அணுகின. படித்தபின் சுட்டி தானே கூடுவது, குறைவது போன்ற வசதிகளும் வந்தன. அடிக்கடி தேவைப்படும் பதிவகங்களை எந்த பேங்க்கிலிருந்தும் அணுக ‘அக்சஸ் பேங்க்’ உதவியது.

2000களின் இறுதியில், 14 பிட் கட்டளை வரிசையும் புதுப்பிக்கப்பட்டது. இதில் தொடக்கத்தில் 32 பேங்க்குகள் வரை இடமிருந்தது. முழுமையாக நிரப்பப்பட்ட ஒரு பேங்க்கில் பொதுப் பயன்பாட்டுக்கு 80 பைட் கிடைக்கும். இந்த 80 பைட் துண்டுகள், பதினாறடிமான முகவரி 2000 முதல் இடைவெளியின்றி ஒரே தொடராகவும் தெரியும்படி அமைக்கப்பட்டன. 16 பிட் சுட்டிகள் இரண்டும் இத்தொடரில் தடையின்றி நகரலாம். நிரல் நினைவகத்தையும் அதே சுட்டிகளால் படிக்கலாம்.

முக்கியத்துவம்

இந்தக் கடைசி மாற்றத்தில் நினைவகத் துண்டுகள் பழைய இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு இரண்டாவது முகவரி ஒன்று தரப்பட்டது, அவ்வளவே. நேரடிக் கட்டளைகளுக்கு பேங்க் தேர்வு இன்றும் வேண்டும். ஆயினும் கட்டளையின் நீளத்தைக் கூட்டாமலே, சி மொழித் தொகுப்பிகள் பெரிய அணிகளைக் கையாள இது வழிசெய்தது.