வேலை முடிந்ததும் மறையும் மூளைக் கலங்கள்

"மூளைக் கலம் செத்தால் திரும்ப வராது" என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். கேட்கும் பிள்ளைகள், கலம் சாவதென்றாலே நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உம்மாவின் வயிற்றில் பிள்ளையின் மூளை உருவாகும்போது, கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டுச் சாகின்ற நரம்புக் கலங்களும் உண்டு. அந்தச் சாவு வளர்ச்சியின் ஒரு பகுதி. இதை உறுதிப்படுத்த விஞ்ஞானிகளுக்கு நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

கதை ஸ்பெயினில் தொடங்குகிறது. இத்தாலியரான கமில்லோ கொல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயமுறையை வைத்து, சந்தியாகோ ரமோன் இ கஹால் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தார். வளர்ந்த மூளையில் கலங்கள் காடுபோல் பின்னிக் கிடப்பதால், அவர் இளம் விலங்குகளின் மூளையைப் பார்த்தார். 1890களின் தொடக்கத்தில், மூளைய மேற்பட்டையின் ஆக மேல் படையில் கிடையாகப் படுத்திருக்கும் வினோதமான கலங்களைக் கண்டார். 1893இல் சுவீடன் நாட்டு குஸ்தாவ் ரெட்சியஸ் மனித சிசுவின் மூளையிலும் இவற்றைக் கண்டார். இருவர் பெயராலும் இவை கஹால்-ரெட்சியஸ் கலங்கள் ஆகின. கஹாலும் கொல்ஜியும் 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், வளர்ந்த மூளையில் தேடினால் இந்தக் கலங்களைக் காண்பது அரிது. எங்கே போயின? செத்தனவா? வேறு வகைக் கலமாக மாறினவா? இல்லை, மூளை பெருத்ததால் ஐதாகித் தெரிகின்றனவா? சின்ன வகுப்பறையில் நெருக்கமாக இருக்கும் 20 பிள்ளைகளை மைதானத்தில் விட்டால், ஆள் குறைந்தது போலத்தானே தெரியும்! வெள்ளிச் சாயம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கலங்களிலேயே ஏறும். அதை வைத்து எண்ணிக் கணக்கெடுக்க முடியாது.

எண்ணுவதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஒவ்வொரு வகைக் கலமும் தனக்கேயான சில புரதங்களை உண்டாக்கும். அந்தப் புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியைச் செலுத்தினால் அந்தக் கலம் மட்டும் தனித்துத் தெரியும். இதுதான் மூலக்கூற்று அடையாளம்.

இங்கே கதைக்குள் ஒரு சுண்டெலி வருகிறது. 1951இல் எடின்பரோவில் டக்ளஸ் ஃபால்கனர், தள்ளாடி நடக்கும் 'ரீலர்' என்ற சுண்டெலி வகையைப் பற்றி எழுதினார். அதன் மூளைய மேற்பட்டையில் படைகள் ஒழுங்கு குலைந்திருந்தன. 1995இல் அதற்குக் காரணமான பரம்பரையலகு கண்டுபிடிக்கப்பட்டது. அது உண்டாக்கும் புரதத்துக்கு ரீலின் என்று பெயர். வளரும் மேற்பட்டையில் அதைச் சுரப்பவை கஹால் பார்த்த அதே கலங்கள்! கீழிருந்து ஏறிவரும் புதிய கலங்கள் தத்தம் படையில் போய் அமர இந்த ரீலின் வேண்டும். ஆகவே, அடையாளம் கிடைத்த அதே இடத்தில் அந்தக் கலத்தின் வேலையும் தெரியவந்தது.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம். சீருடையைக் கழற்றிய மாணவன் காணாமல் போனவன் ஆகமாட்டான். கலம் உயிரோடு இருந்துகொண்டே புரதத்தை நிறுத்தியிருக்கலாம். எனவே சுண்டெலிகளில் அழியாத மரபணு அடையாளம் இட்டுப் பின்தொடர்ந்தார்கள். மேற்பட்டையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிறந்து இரண்டு வாரமளவில் இல்லாமல் போயின. 2019இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இவற்றில் சிலவற்றைச் சாகவிடாமல் தடுத்தபோது, பக்கத்து நரம்புக் கலங்களின் கிளைகளும் இணைப்புகளும் வழமைக்கு மாறாகக் கூடின. நேரத்துக்கு விடைபெறுவதும் வேலையின் பகுதிதான்.

மேற்பட்டைக்குக் கீழேயும் இப்படியொரு தற்காலிகப் படை உண்டு. 1970களிலிருந்து குரோவேஷியரான இவிட்சா கொஸ்தோவிச் போன்றோர் அதை மனித சிசுவில் ஆராய்ந்தார்கள். 1990இல் அமெரிக்காவில் கார்லா ஷாட்ஸ் குழுவினர் பூனைச் சிசுக்களில் அந்தப் படையின் கலங்களை முன்கூட்டியே அழித்துப் பார்த்தார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தியைக் கொண்டுவர வேண்டிய நரம்பு இழைகள், தாம் நுழைய வேண்டிய மேற்பட்டைக்குள் நுழையவில்லை. அதாவது, நேரத்துக்கு முந்திச் செத்தாலும் பிழைதான்.

இது நம் வீட்டு விஷயமும்கூட. மனித சிசுவில் இந்தக் கீழ்ப்படை ஆகத் தடிப்பாக இருப்பது ஆறாம், ஏழாம் மாதங்களை ஒட்டிய காலத்தில். மிகவும் முந்திப் பிறக்கும் குறைமாதப் பிள்ளைகள் பிறப்பதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். ஒட்சிசனும் இரத்த ஓட்டமும் குறைந்தால் இந்தக் கலங்கள் முதலில் பாதிக்கப்படுவதை 2003இல் எலிக் குட்டிகளில் காட்டினார்கள்.

"நிறை ஏறிட்டுது, இனி எதுக்கு கிளினிக்?" என்று சில வீடுகளில் கேட்கிறோம். குறைமாதப் பிள்ளைகள் பலர் நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் பார்வை, கேள்வி, நடை, பேச்சு எல்லாவற்றையும் நேரத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். தராசு அதையெல்லாம் சொல்லாது. மருத்துவமாது தரும் திகதியைத் தவறவிடாதீர்கள். பிள்ளை முந்திப் பிறந்ததற்கு உம்மாவைக் குறை சொல்லவும் வேண்டாம்.

குறைமாதப் பிள்ளை இருக்கும் வீட்டாருக்கு இதைப் பகிருங்கள்.