வேலியே பயிரை மேய்கிறதா?

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் தண்ணீரோடு மணல் வாளியும் வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏன் இரண்டும்? காகிதம் எரிந்தால் தண்ணீர் போதும். எரியும் அலுமினியப் பொடிமீது தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வாயு பிறந்து தீ மேலும் சீறும். அங்கே உலர்ந்த மணல்தான் வேண்டும். காக்க வந்ததே கேடு செய்யலாம்! நமது மூளையிலும் இப்படியொரு சிக்கல் உண்டு.

1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் ஒரு நோயாளியைப் பற்றி உரையாற்றினார். நினைவு குலைந்து, 55 வயதில் இறந்த பெண் அவர். அவருடைய மூளைத் திசுவை வெள்ளி உப்பால் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் நோக்கியபோது, நரம்பணுக்களுக்குள் முடிச்சுகளும் வெளியே திட்டுகளும் தெரிந்தன. நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளியா அணுக்களில் கொழுப்பு சேர்ந்திருந்ததையும் 1907இல் எழுதினார். முடிச்சும் திட்டும் புகழ் பெற்றன. கொழுப்பு பின்னணியில் நின்றுவிட்டது.

1919இல் ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஓர்தேகா, வெள்ளிக் கார்பனேட் சாயத்தால் கிளியாவில் ஒரு தனி வகையைப் பிரித்துக் காட்டினார். அதுவே ‘மைக்ரோகிளியா’. கிருமிகளையும் சிதைந்த அணுக்களையும் விழுங்கும் காவற்படை இது.

1980களில் கனடாவின் மெக்கீர் தம்பதியர் அல்ஸைமர் நோயாளிகளின் மூளையில் இக்காவலர்கள் கிளர்ந்தெழுந்திருப்பதைக் கண்டனர். வேலியே பயிரை மேய்கிறதோ என்ற ஐயம் வலுத்தது. அப்படியானால் காவலரை அடக்கினால் போதுமல்லவா? 2001இல் அமெரிக்காவில் முதியோருக்கு அழற்சி தணிக்கும் மருந்துகள் கொடுத்துப் பார்த்தனர். 2004இல் மருந்து நிறுத்தப்பட்டது. நோயைத் தடுக்கும் பயன் தெரியவில்லை.

2013இல் விடையின் மறுபாதி கிடைத்தது. மைக்ரோகிளியாவின் உணர்கருவி போன்ற ‘டிரெம்2’ புரதத்தின் ஜீனில் ஓர் அரிய மாற்றம் இருந்தால், நோய்வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காகிறது. காவலர் மிஞ்சினாலும் கேடு, சோர்ந்தாலும் கேடு! 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கொழுப்புத்துளி நிறைந்த மைக்ரோகிளியா நரம்பணுக்களுக்குத் தீங்கு செய்வதைக் காட்டினர். அல்ஸைமர் அன்று குறித்த கொழுப்பு மீண்டும் முன்னுக்கு வந்தது.

இத்தகைய ஆய்வுக்கு மூளைத் திசு தேவை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மூளை வங்கி உள்ளது.

எப்போது தண்ணீர், எப்போது மணல் என்பதே இன்றைய ஆய்வாளரின் கேள்வி. விடை வரும்வரை நமக்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் வீட்டுப் பாட்டி பழகிய தெருவிலேயே வழி தடுமாறினால், ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.